கிறிஸ்தவ வீட்ல ஒருத்தர் "என்னை எரிச்சிடுங்க"ன்னு சொன்னா என்ன பண்றது?

சென்னைல கல்லறைல இடம் கிடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு சாவு வீட்டு வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துல குடும்பக் கல்லறை இருக்கறவங்களே அப்பா குழிய திறந்து அதுலயே அம்மாவ வெக்கிறாங்க, இல்லாதவங்க ஊருக்கு வெளிய தேடி ஓடறாங்க. அதனால இப்பல்லாம் கிறிஸ்தவ வீட்லயும் பெரியவங்களே "எனக்கு குழியெல்லாம் வேணாம்பா, எரிச்சிடுங்க"ன்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போயிடறாங்க, மிச்சம் இருக்கறவங்க மாட்டிக்கறாங்க. சபைல என்ன சொல்வாங்க, பெரியம்மா என்ன சொல்வாங்க, உயிர்த்தெழுதல் நாள்ல என்ன ஆகும்னு நடு ராத்திரி ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல நின்னுகிட்டு சண்டை. அந்த சண்டைய முன்னாடியே எப்படி முடிச்சு வெக்கிறது, அன்னைக்கு என்னென்ன பாக்கணும், சாம்பல என்ன பண்ணணும், இத மட்டும் இங்க சொல்றேன்.

முதல் வேலை வீட்ல பேசறது. இதுல நம்ம பசங்க நெறைய பேர் ஆரம்பத்துலயே சொதப்பறாங்க. "உடம்பு வெறும் கூடு தானே, ஆவி போயிடுச்சு, கூட்ட என்ன பண்ணா என்ன"ன்னு ஆரம்பிப்பாங்க. தயவு செஞ்சு இத சொல்லாதீங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா அது கிறிஸ்தவ விசுவாசமே இல்ல. வாராவாரம் சர்ச்சுல நின்னு விசுவாசப் பிரமாணத்துல சரீரம் உயிர்த்தெழும்னு தானே சொல்றோம், ஆத்துமா மட்டும் எங்கயோ பறந்து போய் இருக்கும்னு சொல்லலயே. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதினது உசுரோட இருக்கறவங்களுக்குத்தான், ஆனா அப்படிப்பட்ட உடம்ப செத்த அடுத்த நிமிஷமே குப்பை மாதிரி பேசினா பெரியம்மாவுக்கு கோவம் வரத்தான் செய்யும், அந்த கோவத்துல நியாயம் இருக்கு.

சரி, அப்ப எத சொல்லணும்? அவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "எரிச்சு சாம்பலாக்கிட்டா அன்னைக்கு எப்படிடா எந்திரிப்பாரு?" இதுக்கு 1 கொரிந்தியர் 15ஐ எடுத்து 35ம் வசனத்துலேர்ந்து உக்காந்து நிதானமா வாசிங்க, அப்பவே ஒருத்தன் அதே கேள்விய கேட்டிருக்கான், மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோட வருவார்கள்னு. பவுல் "புத்தியீனனே"ன்னு திட்டிட்டுத்தான் பதில் சொல்றாரு (பெரியம்மா கிட்ட அந்த வார்த்தைய மட்டும் மெதுவா வாசிச்சிடுங்க). விதை செத்தாத்தான் முளைக்கும், அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்னு போகும். அங்க பவுலுக்கு பொணம் எந்த நிலைமைல இருக்குங்கறது விஷயமே இல்ல, எழுப்பறது யாருங்கறதுதான் விஷயம். மண்ணுல பொதச்ச உடம்பும் நூறு வருஷத்துல மண்ணாத்தான் போகுது, அடுப்புல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல நடக்கறது குழில மெதுவா நடக்குது, அவ்ளோதான். கடல்ல செத்தவங்க? வெளிப்படுத்தல் 20:13ல சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்ததுன்னே எழுதியிருக்கு. சுனாமில கடல் கொண்டுபோன வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் ஜனங்களுக்கு உயிர்த்தெழுதல் இல்லன்னு எந்த ஃபாதரும் எந்த பாஸ்டரும் சொல்லமாட்டாங்க.

பெரியவங்களுக்கு சட்டுனு புரியறது இன்னொண்ணு, ரத்தசாட்சிகள் கதை. கி.பி. 177ல இன்னைக்கு ஃபிரான்ஸ்ல இருக்கற லியோன் ஊர்ல கிறிஸ்தவங்கள கொன்னு, ஒடம்ப எரிச்சு, சாம்பல ரோன் ஆத்துல கரைச்சுட்டாங்க. ஏன் அப்படி பண்ணாங்கன்னா, இவங்க உயிர்த்தெழுவோம்னு நம்பித்தான இவ்ளோ தைரியமா சாகறாங்க, ஒடம்பே இல்லாம பண்ணிட்டா எப்படி எழுவாங்கன்னு பாப்போம்னு. யூசேபியஸ் தன்னோட சபை சரித்திரத்துல இத எழுதி வெச்சிருக்காரு. ஆக "எரிச்சா எழ முடியாது"ங்கறது கொன்னவங்க போட்ட கணக்கு, சபையோட கணக்கு இல்ல.

பைபிள்ல எரிச்சது உண்டான்னு கேட்டா, 1 சாமுவேல் 31. பெலிஸ்தர் சவுல் ராஜாவோட உடம்ப பெத்சான் ஊர் செவுத்துல தொங்கவிட்டுட்டாங்க, யாபேஸ் ஊர்க்காரங்க ராத்திரியோட ராத்திரியா போய் அவரு உடம்பையும் அவரு பசங்க உடம்பையும் எடுத்துட்டு வந்து, எரிச்சு, எலும்ப மரத்தடில அடக்கம் பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தாங்க. தாவீது அதுக்கு அவங்கள திட்டல, கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாராகன்னு ஆள் அனுப்பினாரு. ஆனா ஒண்ணு, நேர்மையா பேசணும்னா எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். ஆபிரகாம்லேர்ந்து இயேசு வரைக்கும் வழக்கம் அடக்கம்தான், தீ வேதத்துல பல இடத்துல தண்டனையா வருது, யோசுவா 7ல திருடினதுக்காக எரிக்கப்பட்ட ஆகான் கதைய பாருங்க. ஆமோஸ் 2:1ல ஏதோம் ராஜாவோட எலும்ப எரிச்சு நீறாக்கினதுக்காக மோவாப் மேல தண்டனை வருது. யாராவது பெரியவர் அந்த வசனத்த எடுத்தா மழுப்பாதீங்க, அது எதிரியோட எலும்ப அவமானப்படுத்தின காரியம், நம்ம அப்பா கேட்டுகிட்டபடி ஜெபத்தோட செய்யறது வேறன்னு சொல்லுங்க. என் அபிப்ராயத்த கேட்டா எனக்கு அடக்கம்தான் பிடிக்கும், இயேசு வைக்கப்பட்ட மாதிரியே வைக்கிறோம்ங்கறதுல ஒரு சாட்சி இருக்கு. அதுக்காக எரிக்கிறத பாவம்னு சொல்ல எனக்கு வசனம் கிடைக்கல.

அடுத்தது உங்க சபை எதுன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி பேசணும்.

கத்தோலிக்கரா இருந்தா ரூல்ஸ் தெளிவா இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க பாதி பேருக்கு அது 1963லயே மாறினது தெரியாது. அதுக்கு முன்னாடி தடைதான், 1886ல ரோம் கண்டிப்பா போட்டது. காரணம் என்னன்னா அப்ப ஐரோப்பால, 1876ல இத்தாலி மிலான்ல தகன சாலை கட்டின சமயத்துல, உயிர்த்தெழுதலாவது ஒண்ணாவதுன்னு காட்டறதுக்காகவே எரிப்பத பிரச்சாரம் பண்ண கூட்டம் இருந்துச்சு. தீயில பிரச்சனை இல்ல, அந்த மறுப்புலதான் பிரச்சனை. அதனாலதான் இன்னிக்கும் சட்டம் அப்படியே நிக்குது: அடக்கம் செய்யறத திருச்சபை விரும்புது, எரிக்கலாம், ஆனா விசுவாசத்துக்கு விரோதமான காரணத்துக்காக எரிக்கச் சொல்லியிருந்தா கூடாது. உங்க அப்பா இடம் இல்லன்னோ செலவு வேணாம்னோ சொல்லியிருந்தா அது அந்த கணக்குல வராது. ஃபாதர் கிட்ட போறப்ப அந்த காரணத்த தெளிவா சொல்லிடுங்க.

சிஎஸ்ஐ, லுத்தரன், மெத்தடிஸ்ட் மாதிரி சபைகள்ல இதுக்கு எதிரா உபதேசம்னு ஒண்ணும் இல்ல, ஆனா பழக்கம் இல்ல, அதனால ஆயருக்கு ஆயர் மாறும். பெந்தெகொஸ்தே சபைகள்ல பாஸ்டர் கடுமையா மறுக்க வாய்ப்பு ஜாஸ்தி, அது அந்நிய சடங்குன்னு ஒரு எண்ணம் ஆழமா இருக்கு. கிரேக்க ஓர்த்தடாக்ஸ் சபை எரிக்கிறத ஏத்துக்கறதே இல்ல, ரஷ்ய ஓர்த்தடாக்ஸ் சபையும் அத விரும்பறதில்ல. கேரளா ஓர்த்தடாக்ஸ், யாக்கோபாயா குடும்பத்துல சம்பந்தம் இருந்தா அவங்க பக்கத்துலயும் முதல்லயே பேசிடுங்க, சாவு அன்னைக்கு மாமியார் வீட்டோட வாக்குவாதம் வேணாம்.

ஆயர் கிட்ட ஆள் உசுரோட இருக்கும்போதே போய் நாலு விஷயம் கேளுங்க: எரிக்கப் போறோம்னா சர்ச்சுக்குள்ள ஆராதனை நடத்துவீங்களா, தகன மேடைக்கு வந்து ஜெபம் பண்ணுவீங்களா, சாம்பல நம்ம கல்லறைத் தோட்டத்துல வெக்க விடுவீங்களா, அடக்கப் பதிவேட்டுல பேர் ஏறுமா. வாய்ல சரின்னு சொன்னா போதாது, சபைக் கமிட்டி காதுலயும் போடுங்க, ஆயர் ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிடுவாரு, கமிட்டி அங்கயேதான் இருக்கும். அப்புறம் சம்பந்தப்பட்டவர் கையாலயே ஒரு பக்கம் எழுதி வாங்குங்க, ஏன் எரிக்கச் சொல்றேன், உயிர்த்தெழுதல நம்பறேன், எந்தப் பாட்டு பாடணும், எல்லாம். இத உயில்ல எழுதி பீரோல பூட்டி வெச்சா பிரயோஜனமே இல்ல, எல்லாம் முடிஞ்சு பதினாறு நாள் கழிச்சுத்தான் யாராச்சும் அத தொறப்பாங்க. நாலு பேர் கைல காப்பி இருக்கணும், அதுல ஒருத்தர் எதிர்க்கப் போறவரா இருக்கறது இன்னும் நல்லது.

இப்ப அந்த நாள். ஆராதனையோ திருப்பலியோ உடம்ப வெச்சே முழுசா முடிச்சிடுங்க, எரிச்சப்புறம் சாம்பல வெச்சு நடத்தலாம்னு தள்ளாதீங்க. அனுமதி இருந்தாலும் ஜனங்களுக்கு முகத்த பாத்து பாடி அழுது அனுப்பினாத்தான் மனசு ஆறும். அதுக்கப்புறம் நெருங்கின ஆளுங்க மட்டும் மயானத்துக்கு போனா போதும்.

ஆஸ்பத்திரில இறந்திருந்தா டாக்டர் தர்ற மரணக் காரண சர்டிஃபிகேட், வீட்ல இறந்திருந்தா வந்து பாத்த டாக்டர் கிட்ட அதே மாதிரி ஒண்ணு, இறந்தவரோட ஆதார், கூட வர்றவரோட ஆதார், இதுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒருத்தர் கைல மட்டும் குடுங்க. சென்னை மாநகராட்சி மயானங்கள்ல தகனம் இலவசம்தான், ஆனா நேரம் முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும், ஒருத்தர் முடிஞ்சு அடுத்தவர்னு வரிசை இருக்கும். அங்க தர்ற ரசீத பத்திரமா வைங்க, 21 நாளுக்குள்ள மரணத்த பதிவு பண்றப்ப அது வேணும்.

கண்டிப்பா கேக்க வேண்டிய ஒண்ணு, நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கா? இருந்தா ஆஸ்பத்திரிலயே எடுத்துடச் சொல்லுங்க, அந்த சூட்டுல பேட்டரி வெடிக்கும், உள்ள நிக்கிற ஊழியருக்கு ஆபத்து. மோதிரம், செயின், மெட்டல் ஜெபமாலை எல்லாத்தையும் வீட்லயே கழட்டிடுங்க. சவப்பெட்டி விஷயத்துல ஏமாறாதீங்க, கேஸ் தகன மேடைல பொதுவா பெட்டியோட உள்ள விடமாட்டாங்க, உடம்ப மட்டும் ட்ரே மேல எடுத்து வெப்பாங்க. இது தெரியாம பளபளன்னு தேக்குப் பெட்டி வாங்கிட்டு வந்து, மயான வாசல்ல சொந்தக்காரங்க எல்லாரும் பாக்க பாக்க அம்மாவ தூக்கி வெளிய எடுக்கறது பாக்கவே கஷ்டமா இருக்கும். வாடகைப் பெட்டி கிடைச்சா அது போதும், உள்ள ஒரு சுத்தமான வெள்ளை பருத்தித் துணி சுத்தி வைங்க, நாலு மூலைய புடிச்சு மரியாதையா மாத்திடலாம். பாலியஸ்டர், பிளாஸ்டிக் பூ, செண்ட் பாட்டில் எதுவும் கூட வேணாம்.

அங்க இருக்கற ஊழியர் பழக்க தோஷத்துல "கொள்ளி யாரு வெக்கிறது? பானை எங்க?"ன்னு கேப்பாரு. வாசல்ல அரிச்சந்திரன் சிலையும் இருக்கும், அதப் பாத்துட்டு கூட வந்த அத்தை முகம் சுளிப்பாங்க. ரெண்டு பேர் கிட்டயும் கோவப்பட ஒண்ணும் இல்ல. "அண்ணே, நாங்க கிறிஸ்டியன்ஸ், ஒரு அஞ்சு நிமிஷம் ஜெபம் மட்டும் பண்ணிக்கறோம்"னு முன்னாடியே சொல்லிட்டா அவரே ஒதுங்கி நின்னு கைகட்டிக்குவாரு. ஆயர் வரமுடியலன்னா வீட்ல மூத்தவர் ஒருத்தர் 1 தெசலோனிக்கேயர் 4ல கடைசிப் பகுதிய வாசிச்சு, கர்த்தருடைய ஜெபத்த சொல்லி, ஒரு பாட்டு பாடினா போதும். பாட்ட முடிக்கிறதுக்குள்ள கதவ மூடிடாம கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.

சாம்பல் அன்னைக்கு சாயங்காலமோ மறுநாள் காலைலயோ கிடைக்கும். ஃபாரின்ல மாதிரி மாவா அரைச்சுத் தரமாட்டாங்க, எலும்புத் துண்டுங்க அப்படியே இருக்கும், மொத்தம் ரெண்டு மூணு கிலோ வரும். முதல் தடவை பாக்கறவங்களுக்கு தூக்கிவாரிப் போடும், அதனால மனசு தாங்கற ஆள அனுப்புங்க. மூடி போட்ட மண் கலயமோ மரப்பெட்டியோ நீங்களே கொண்டு போங்க, பேரும் தேதியும் எழுதி ஒட்டிடுங்க.

அத என்ன பண்றதுங்கறதுலதான் என் பிடிவாதம். கடல்ல கரைக்கிறது, தோட்டத்துல தூவறது, பூஜை ரூம் மாதிரி ஷோகேஸ்ல வெக்கிறது, அண்ணன் தம்பி பங்கு பிரிச்சுக்கறது, லாக்கெட் பண்ணி போட்டுக்கறது, இதெல்லாம் வேணாம். கத்தோலிக்கருக்கு 2016ல வத்திக்கான் இத எழுத்துலயே தடுத்துடுச்சு, 2023 டிசம்பர்ல கொஞ்சம் தளர்த்தி, இறந்தவருக்கு முக்கியமான ஒரு இடத்துல ஒரு சின்ன பாகத்த மட்டும் வெக்க திருச்சபை அதிகாரிங்க அனுமதிக்கலாம்னு சொன்னாங்க, அதுவும் கேட்டுட்டுத்தான். மத்த சபைக்காரங்களுக்கு தடை இல்லன்னாலும் என் பேச்ச கேளுங்க, மண்ணுக்குள்ள வைங்க, மேல பேர் போடுங்க. பழைய குடும்பக் கல்லறைல ஒரு அடி குழி போதும், ஒரு தடவை மூடின குழிய இத்தனை வருஷம் கழிச்சுத்தான் திறக்கணும்னு சொல்ற கல்லறைத் தோட்டத்துலயும் சாம்பலுக்குன்னா கேட்டுப் பாக்கலாம். கல்லறைத் திருநாள் அன்னைக்கு மெழுகுவர்த்தி ஏத்த பேரப் பிள்ளைங்களுக்கு ஒரு இடம் வேணும்ல. 2020 ஜூலைல கொரோனா சமயத்துல ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் இதத்தான் பண்ணாங்க, தகனம் செஞ்சுட்டு சாம்பல பங்கு கல்லறைலயே அடக்கம் பண்ணாங்க. ஆனா அதே வருஷம் ஏப்ரல்லேர்ந்து அடுத்த பிப்ரவரி வரைக்கும் இலங்கைல கொரோனால இறந்தவங்க எல்லாரையும் கட்டாயமா எரிச்சாங்களே, முஸ்லிம்கள், கிறிஸ்தவங்கன்னு பாக்காம, அத இதோட சேக்காதீங்க. தானா கேட்டு செய்யறது வேற, வேணாம்னு கதறறவங்க கிட்ட பிடுங்கி செய்யறது வேற.

சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கேள்வி வேற மாதிரி வரும். அங்க சுவா சூ காங்ல அடக்கம் பண்ணாலும் 15 வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுத்துடுவாங்க, கிறிஸ்தவங்க எலும்புன்னா பெரும்பாலும் அப்பதான் தகனம் ஆகும். அதனால நெறைய பேர் முதல்லயே மண்டாய்ல தகனம் பண்ணிட்டு சாம்பல சர்ச்சோட மாடத்துல வெக்கிறாங்க. அங்கேர்ந்து ஊர்க் கல்லறைக்கு கொண்டு வரணும்னா மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் ரெண்டும் கைலயே வெச்சுக்கோங்க, செக்-இன் பெட்டில போடாதீங்க, ஏர்லைன்ஸ் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பித்தளைக் கலசம் வேணாம், ஸ்கேனர்ல உள்ள இருக்கறது தெரியாது, தொறன்னு சொல்லுவாங்க. மரப்பெட்டின்னா பிரச்சனை இல்லாம வந்துடலாம்.