எல்லாருக்கும் 20: வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவிகள் எங்கள் மெடிக்கல் வார்டுக்கு போஸ்டிங் வந்தார்கள். கஞ்சி போட்ட யூனிஃபார்ம், நெஞ்சில் செருகிய வாட்ச், பாக்கெட்டில் நான்கு நிறப் பேனா. காலை டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்த்து எழுதுவது) முடிந்துவிட்டது என்று நோட்டை நீட்டினார்கள். 28 பெட். காய்ச்சல் கட்டத்தில் விதவிதமான எண்கள், நாடியிலும் அப்படியே. மூச்சுக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழே 20, 20, 20, 18, 20, 20. நடுவில் இருந்த அந்த 18-ஐப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று ஐந்தாறு பேருக்கு ஒரு 18 போட்டுப் பழகியவள்தான் நானும்.

கை கழுவுங்கள், பெயர் கேட்டுவிட்டு ஊசி போடுங்கள் என்பதையெல்லாம் வகுப்பில் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூச்சை எண்ணாமல் எழுதுவது

ஏன் இதில் மட்டும் கை வைக்கிறோம்? தெர்மாமீட்டரும் பி.பி. மெஷினும் எண்ணைத் தானே காட்டிவிடும். மூச்சுக்கு நாம்தான் நின்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 28 பேருக்கு அரை மணி நேரம். அதற்குள் பெட் போட வேண்டும், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார். சரி, பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார், 20.

நான் மாணவியாக இருந்தபோது, எக்ஸ்ரேவுக்குப் போயிருந்த 11-ஆம் பெட்காரருக்கும் 20 போட்டுவிட்டேன். டூட்டி சிஸ்டர் திட்டவில்லை. "எக்ஸ்ரே ரூம் வரைக்கும் போய் எண்ணிட்டு வந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். வார்டே சிரித்தது. அப்புறம் என்னை 14-ஆம் பெட் பாட்டியிடம் கூட்டிப் போய்த் தன் வாட்சைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எண்ணினேன். 34. என் நோட்டில் பாட்டிக்கும் 20.

பாட்டிக்குக் காய்ச்சல் அப்போது 100 டிகிரிதான். பி.பி. சரியாக இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப் 96 என்றது. மத்தியானத்துக்குள் பி.பி. இறங்கி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். பாட்டி பிழைத்துவிட்டார். ஆனால் டாக்டர் சார்ட்டைப் புரட்டிப் பார்த்தபோது முந்தைய இரண்டு நாளும் எல்லா வேளையிலும் 20. மூச்சு எப்போது ஏற ஆரம்பித்தது என்று சொல்ல ஆளில்லை. கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாலாவது யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள். பொய் எண் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆறாத விஷயம் இது.

கிளிப் 96 காட்டும்போது மூச்சை ஏன் எண்ண வேண்டும் என்று இந்த முறையும் ஒரு பெண் கேட்டாள். அந்த 96-ஐத் தாங்கிப் பிடிக்கத்தான் உடம்பு வேகவேகமாக மூச்சு விடுகிறது. கிருமி ரத்தத்தில் பரவும்போது உடம்பில் அமிலம் சேரும். அதை ஈடுகட்ட நுரையீரல் கரியமில வாயுவை அதிகம் வெளியே தள்ளும். அதனால் பல நேரம் பி.பி. விழுவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும். சர்க்கரை நோயாளிக்கு கீட்டோன் என்ற அமிலம் ஏறினாலும் இதே கதைதான்: கிளிப்பில் 99, ஆனால் ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக மூச்சு வாங்குவார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். பிரிட்டனில் நோயாளியின் நிலையைக் கணிக்கும் மதிப்பெண் முறையில், மற்றதெல்லாம் சரியாக இருந்து மூச்சு மட்டும் 25-ஐத் தொட்டாலும் உடனே வந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

குறைவதும் ஆபத்துதான். பிரசவ வார்டில் வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட் போடும் தாய்க்கு, ஒவ்வொரு டோஸுக்கும் முன்பு முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சு 16-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும். மருந்து கூடிப் போனால் முதலில் முழங்கால் துடிப்பு போகும், பிறகு மூச்சு. அங்கே எண்ணாமல் 20 என்று எழுதினால், நிறுத்த வேண்டிய டோஸை நீங்களே போட வைக்கிறீர்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சே மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்காமல், கண்ணை மட்டும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ கொண்டு போங்கள். போர்வை மறைத்தால் அவர் கையை அவர் நெஞ்சின் மேலேயே மடக்கி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கை ஏறி இறங்குவது தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 நொடி. 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் 16, 20, 24 இப்படித்தான் வரும். சார்ட்டில் 19 அல்லது 23 என்று பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம்: யாரோ நின்று எண்ணியிருக்கிறார்கள். சில நோயாளிகள் வேகமாக மூச்சு விட்டு, பிறகு கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். அந்த இடைவெளி கால் நிமிடத்தில் பிடிபடாது.

இன்சுலின் சிரிஞ்சின் மூடி

சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மருந்துப் புட்டியில் (வயல்) 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி, 100 என்றால் ஆரஞ்சு. மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? 40 வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். 100 வயலிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட். அப்போது மண்டையை உடைத்துக்கொள்ள நேரம் இருக்காது. வயலையும் சிரிஞ்சையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து, இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

பொட்டாசியம் குளோரைடு

ஐ.வி. புஷ், அதாவது சிரிஞ்சிலிருந்து நேராக நரம்பில் ஏற்றுவது, கிடையாது. ஒருபோதும்.

ஃபிஸ்டுலா வைத்த கை

டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கை அது. அதில் பி.பி. பார்க்காதீர்கள், ரத்தம் எடுக்காதீர்கள், வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடாதீர்கள்.

ஒரே கையுறையோடு நாலு பெட்

அது உங்களைக் காக்கும். அடுத்த பெட்காரரைக் காக்காது.

யூரோபேக்கை வயிற்றின் மேல் வைப்பது

ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது எல்லாரும் செய்வது. பையில் இருக்கும் சிறுநீர் குழாய் வழியே திரும்பி உள்ளே போகும், கிருமியையும் கூட்டிக்கொண்டு. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படாமல்.

கொடுக்கும் முன்பே கையெழுத்து

மருந்து டிரேயைத் தள்ளிக்கொண்டு போகும்போதே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது. நோயாளி பாத்ரூம் போயிருப்பார், மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு நகர்வோம். "வந்ததும் போட்டுக்கச் சொல்லுங்க தாத்தா" என்று பக்கத்து பெட்காரரிடம் சொல்லி அனுப்புவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், டிஸ்சார்ஜ் ஆன ஒரு தாத்தாவின் தலையணை உறையை உதறினேன். ஒன்பது மாத்திரை விழுந்தது. ஒன்பது வேளைக்கும் சார்ட்டில் கையெழுத்து இருந்தது. அதில் நான்கு என்னுடையது.