நாய் பூனைக்கு உண்ணி மருந்து வாங்கப் போறீங்களா? பெட்டியத் திருப்பிப் பாருங்க

ஒரு நாள் ராத்திரி அம்மா சாமி மேடைக்கு முன்னாடி நின்னுகிட்டு "டேய் இங்க வா, மிளகு ஒண்ணு சுவத்துல ஏறுது"ன்னு கூப்டாங்க. போய் பாத்தா மிளகுக்கு எட்டு காலு. உண்ணி. அதுக்கப்புறம் டார்ச் லைட்ட எடுத்துகிட்டு தேடுனா திரைச்சீலை மடிப்புல ரெண்டு, கதவு சட்டத்துல ஒண்ணு, எங்க நாய் கருப்பன் காதுக்குள்ள ஆமணக்கு விதை மாதிரி உப்பிப் போய் சாம்பல் கலர்ல ஒண்ணு. கருப்பன் தத்தெடுத்த சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இந்த ஊர் கலப்பு நாய், சிங்கப்பூர் ஈசூன்ல நாலு ரூம் வீட்ல எங்களோட இருக்கான், கூடவே தங்கம்னு ஒரு பூனை. 2024 செப்டம்பர் 1-லேர்ந்து எச்டிபி வீட்ல, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்ல, பூனை வளர்க்கலாம்னு ஆனதுக்கப்புறம் நாயும் பூனையும் சேர்ந்து இருக்குற வீடு நெறைய ஆயிடுச்சு, அந்த மாதிரி வீட்லதான் மருந்து விஷயத்துல தப்பு நடக்க வாய்ப்பு அதிகம், ஏன்னு கீழ வரும்.

மறுநாள் பெட் ஷாப்புக்குப் போனா ஒரு சுவர் முழுக்க மருந்து. சொட்டு, மாத்திரை, கழுத்துப் பட்டை, ஸ்ப்ரே, பவுடர். எல்லா பெட்டியிலயும் சிரிச்ச முகத்தோட ஒரு நாய். நான் அன்னிக்கு முழிச்ச மாதிரி நீங்க முழிக்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

படி 1: கடிக்கிறது உண்ணியா தெள்ளுப்பூச்சியா?

ரெண்டும் வேற வேற. உண்ணி மெதுவா நகரும், தோல்ல வாயக் குத்தி அப்படியே நாள் கணக்குல ஒட்டிகிட்டு இருக்கும். காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில, அக்குள்ல தடவிப் பாத்தா சின்ன மரு மாதிரி கையில தட்டும். தெள்ளு பழுப்பு கலர்ல தட்டையா இருக்கும், முடிக்குள்ள ஓடும், புடிக்கப் போனா குதிச்சிடும். பாதி நேரம் தெள்ளு கண்ணுலயே படாது, அதோட கழிவுதான் படும், கருப்பா மிளகுத்தூள் தூவுன மாதிரி. அது வெறும் அழுக்கா தெள்ளு கழிவான்னு தெரியணும்னா நெருக்கமான சீப்பால வாரி, விழுந்தத ஈரமான வெள்ளை டிஷ்யூவுல வச்சு லேசா அமுக்குங்க. செம்பழுப்பா கறை பரவுனா அது செரிச்ச ரத்தம், தெள்ளு இருக்குன்னு அர்த்தம்.

பூனைத் தெள்ளுன்னு பேரு இருந்தாலும் நாய் மேலயும் அதிகமா இருக்குறது அதே ஜாதிதான். அதனால ஒருத்தருக்கு இருந்தா வீட்ல இருக்குற எல்லாருக்கும் மருந்து போடணும், நாய்க்கு மட்டும் போட்டுட்டு பூனைய விட்டா வேலைக்கு ஆகாது.

இத ஏன் முதல் படியா வைக்கிறேன்னா எல்லா மருந்தும் ரெண்டையும் கொல்லாது. அட்வான்டேஜ் சொட்டுல இருக்குற இமிடாகுளோபிரிட் தெள்ளுக்கு நல்ல மருந்து, உண்ணிய ஒண்ணும் பண்ணாது. கேப்ஸ்டார் மாத்திரையும் தெள்ளுக்கு மட்டும்தான், குடுத்த அரை மணி நேரத்துல தெள்ளு விழ ஆரம்பிக்கும், ஆனா ஒரு நாள்தான் வேலை செய்யும். உண்ணி இருக்குற நாய்க்கு இத வாங்கிப் போட்டுட்டு மருந்து சரியில்லன்னு திட்டுறதுல அர்த்தமில்ல.

உண்ணிய சாதாரணமா எடுத்துக்காதீங்க. இங்க எல்லாரும் டிக் ஃபீவர்னு சொல்றாங்களே, அது எர்லிக்கியா, பபேசியா மாதிரி ரத்தத்துல பூந்துக்குற கிருமி. நாய் சாப்பிடாம சுருண்டு படுக்குறது, காய்ச்சல், ஈறு வெளிறிப் போறது, ஒண்ணுக்கு கருஞ்சிவப்பா போறது, இதுல எது தெரிஞ்சாலும் மருந்துக் கடைக்குப் போகாதீங்க, நேரா வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட போய் ரத்தப் பரிசோதனை பண்ணுங்க.

படி 2: எடை, வயசு, உடம்பு

நாய்க்கு எத்தன கிலோன்னு குத்துமதிப்பா சொல்லாதீங்க. நீங்க நாயத் தூக்கிகிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுக்கோங்க. மருந்தெல்லாம் 2 முதல் 4 கிலோ, 4 முதல் 10 கிலோன்னு எடை வாரியாத்தான் வரும். பெரிய நாய் ட்யூப்ப வாங்கி ரெண்டு சின்ன நாய்க்குப் பிரிச்சு போட்டா காசு மிச்சம்னு யாராச்சும் சொல்லுவாங்க, கேக்காதீங்க, அளவு தப்பிப் போகும். குட்டியா இருந்தா எத்தன வாரத்துலேர்ந்து போடலாம்னு பெட்டியில இருக்கும், எட்டு வாரம்னு போட்டிருக்குறது நெறைய, ஆனா மருந்துக்கு மருந்து மாறும். ரொம்ப சின்னக் குட்டின்னா சீப்பால வாரி எடுக்குறதுதான், மத்தத வெட் சொல்லட்டும். சினையா இருந்தாலோ, பால் குடுத்தாலோ, வேற மருந்து எடுத்துகிட்டு இருந்தாலோ கேட்டுட்டு வாங்குங்க.

படி 3: பெட்டியத் திருப்புங்க

என்னக் கேட்டா இந்த ஒரு படி போதும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. முன்பக்கம் நாய் சிரிக்கும், பின்பக்கத்துலதான் உள்ள என்ன மருந்து இருக்குன்னு பொடி எழுத்துல இருக்கும். அதுல பெர்மெத்ரின்னு இருந்தா பூனைகிட்ட கொண்டு போகவே கூடாது.

நாய்க்குப் போடுற அட்வான்டிக்ஸ் சொட்டுல பெர்மெத்ரின் இருக்கு. நாய்க்கு நல்லா வேலை செய்யும், உண்ணிய கடிக்க விடாம விரட்டவும் செய்யும். பூனை ஈரலுக்கு அத உடைச்சு வெளிய தள்ளுற சக்தி கம்மி, அதனால நாய்க்கு சாதாரணமான அளவு பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சாவுன்னு போயிடும். நான் அந்தக் கோட்ட தாண்டப் பாத்தவன். முதல் தடவ கருப்பனுக்கு அந்தச் சொட்ட வாங்கிட்டு வந்தேன், ஒரு ட்யூப் அதிகமா இருந்துச்சு, தங்கத்துக்கும் ரெண்டு துளி வச்சா என்னன்னு மூடியத் தொறந்துட்டேன். ட்யூப்ப வைக்கப் பெட்டியத் தேடுனப்பதான் அதுல பூனை படத்து மேல குறுக்கால கோடு போட்டிருக்குறத பாத்தேன். கை நடுங்கிடுச்சு. நேரடியா போடாட்டியும், ஈரமா இருக்குற நாய் முதுகுல பூனை உரசினாலோ நக்கினாலோ கூட ஆபத்துதான், எங்க வீட்ல ரெண்டும் ஒரே மெத்தையில தூங்குற ஜாதி. அதனால பூனை இருக்குற வீட்டுக்கு பெர்மெத்ரின் வேணவே வேணாம்ங்குறது என் முடிவு. தப்பித்தவறி பட்டுடுச்சுன்னா நடுக்கம் வரட்டும்னு காத்திருக்காம உடனே வெட்டுக்கு போன் பண்ணிட்டு கெளம்புங்க, பெட்டியையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

இன்னும் ரெண்டு பேரு ஞாபகம் வச்சுக்கோங்க. அமிட்ராஸ், இதுவும் பூனைக்கு ஆகாது. ஃபிப்ரோனில், ஃப்ரண்ட்லைன்ல இருக்குறது, நாய்க்கும் பூனைக்கும் தனித்தனி பெட்டியா வரும், ஆனா வீட்ல முயல் இருந்தா அதுக்கு மட்டும் போட்டுடாதீங்க.

அடுத்தது அம்மா வைத்தியம். எங்கம்மா தேக்காவுல வேப்பெண்ணெய் வாங்கிட்டு வந்து "எங்க காலத்துல இதுதான்"ன்னு நின்னாங்க, மஞ்சளும் சேர்த்துக் குழைச்சு வச்சிருந்தாங்க. கருப்பன் மஞ்சள் நாயா ஆனதுதான் மிச்சம், சோபாவும் சேர்ந்து மஞ்சள். பூனை உடம்புல எத தடவுனாலும் நக்கி முழுங்கிடும்ங்குறத யோசிங்க. டீ ட்ரீ எண்ணெய் நாய் பூனை ரெண்டுக்குமே விஷம், பூண்டு சாப்பாட்டுல போட்டா தெள்ளு வராதுன்னு சொல்றதயும் நம்பாதீங்க, பூண்டு ரத்த அணுவ உடைக்கும்.

படி 4: சொட்டா, மாத்திரையா, பட்டையா?

இங்கதான் அவங்கவங்க வீட்டு நெலமை வரும்.

சொட்டு மருந்து மாசம் ஒரு தடவ. மாத்திரை திங்காத பூனைக்கு இதுதான் வசதி. தங்கத்துக்கு நாங்க போடுறது ரெவல்யூஷன் ப்ளஸ், அதுல செலாமெக்டினும் சரோலேனரும் இருக்கு, தெள்ளு உண்ணி ரெண்டுக்கும் ஆகும். பழைய ரெவல்யூஷன் வேற, ப்ளஸ் வேற, உண்ணிக்காக வாங்குறீங்கன்னா ப்ளஸ்தானான்னு பாருங்க. சொட்டோட பிரச்சினை குளியல். இந்த ஊர் வெயிலுக்கு வாரா வாரம் நாயக் குளிப்பாட்டுறவங்க, பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறவங்க சொட்டு போட்டா மருந்து தங்காமப் போகலாம்.

மாத்திரை நாய்க்கு ரொம்ப சுலபம். நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா, க்ரெடேலியோ மாசம் ஒண்ணு, ப்ரவெக்டோ 12 வாரத்துக்கு ஒண்ணு. குளிச்சாலும் கவலையில்ல, பூனை வந்து நக்குனாலும் கவலையில்ல. கருப்பனுக்கு இப்ப இதுதான். ஒண்ணு புரிஞ்சுக்கணும், மருந்து ரத்தத்துல இருக்கு, உண்ணி கடிச்சாத்தான் அது உள்ள போய் உண்ணி சாகும். அதனால மாத்திரை குடுத்ததுக்கப்புறமும் நாய் மேல உண்ணியப் பாப்பீங்க, மருந்து போலின்னு பதறாதீங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல செத்து விழுந்துடும். இந்த மாத்திரை எல்லாம் ஒரே குடும்பம், 2018-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுனால சில பிராணிகளுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம்னு எச்சரிக்கை குடுத்துச்சு. பெரும்பாலான நாய்க்கு ஒண்ணும் ஆகுறதில்ல, ஆனா உங்க நாய்க்கு எப்பவாச்சும் வலிப்பு வந்திருந்தா வெட்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. ரெவல்யூஷன் ப்ளஸ்ல இருக்குற சரோலேனரும் இதே குடும்பம்தான், அதனால பூனைக்கும் இதே பேச்சு.

கழுத்துப் பட்டைன்னா செரஸ்டோ, 8 மாசம் வரைக்கும் வேலை செய்யும். அதுலயும் ஃப்ளூமெத்ரின்னு ஒண்ணு இருக்கு, பேரு பெர்மெத்ரின் மாதிரி கேட்டாலும் செரஸ்டோ பூனைக்கும் வருது, பூனைக்குன்னு எழுதுன பெட்டியா பாத்து வாங்குங்க. சின்னப் புள்ளைங்க நாயக் கட்டிப் புடிச்சு தூங்குற வீடுன்னா நான் பட்டைய எடுக்க மாட்டேன். மலிவா தொங்குற பேரு தெரியாத பட்டை, பவுடர் பக்கமே போகாதீங்க.

விலையப் பாக்குறப்ப பெட்டி விலைய பாக்காதீங்க, மாசத்துக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாருங்க, 12 வாரத்து மாத்திரை கேட்டதும் திக்னு இருக்கும், மூணால வகுத்தா அவ்ளோ இல்ல. ஆன்லைன்ல பாதி விலைக்கு கெடைச்சதுன்னு ஒரு தடவ வாங்குனேன், வந்த பெட்டியில தொகுதி எண்ணும் இல்ல, காலாவதி தேதிய யாரோ சுரண்டி வச்சிருந்தாங்க. காசு போனதுதான், குப்பையில போட்டுட்டேன். அதுலேர்ந்து வெட் கிளினிக்குல இல்லன்னா பக்கத்து பெட் ஷாப்புல கையில எடுத்துப் பாத்துதான் வாங்குறது.

படி 5: போடுறது

மாத்திரைய சாப்பாட்டோட குடுங்க, துப்பாம முழுங்குறானான்னு பாருங்க, அவ்ளோதான். சொட்டுன்னா முடியப் பிரிச்சு தோல் தெரியணும், கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல, அதுக்கு நாக்கு எட்டாத எடத்துல வச்சு பிதுக்குங்க. முடி மேல ஊத்துனா முடிக்குத்தான் மருந்து. முன்ன ரெண்டு நாள் பின்ன ரெண்டு நாள் ஷாம்பூ குளியல் வேணாம். காயற வரைக்கும் தடவிக் குடுக்காதீங்க, நாலு கால் ரெண்டு கால் எல்லாரும் தள்ளி இருங்க.

படி 6: வீட்டுக்கும் வைத்தியம்

நாய் மேல நீங்க பாக்குற தெள்ளு மொத்தத்துல அஞ்சு சதவீதம்தான்னு சொல்வாங்க, மிச்சமெல்லாம் முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா மெத்தையிலயும் சோபா இடுக்குலயும் கெடக்கும். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை போடும், உப்புக்கல் மாதிரி உருண்டு கீழ விழுந்துடும். கூட்டுப்புழு இருக்கே, அதுதான் கில்லாடி, கூட்டுக்குள்ள மருந்து போகாது, மாசக் கணக்குல சும்மா கெடந்து, ஆள் நடக்குற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டா வெளிய வரும். ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்து கதவத் தொறந்தா கணுக்காலெல்லாம் கடிக்குதுன்னா காரணம் இதுதான்.

அதனால மெத்தை விரிப்ப வாரா வாரம் சூடான தண்ணில, 60 டிகிரில துவைங்க. தெனமும் வேக்யூம் போடுங்க, முக்கியமா சுவர் ஓரம், சோபா அடி, அப்புறம் உள்ள இருக்குறத பையில இறுக்கிக் கட்டி குப்பை போடுற குழாய்ல போட்டுடுங்க. உண்ணி மேல ஏறுற ஜாதி, அதனால திரைச்சீலை மடிப்பு, கதவு சட்டம், சுவர் விரிசல் எல்லாம் பாக்கணும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். ரொம்ப முத்திப் போச்சுன்னா பூச்சி மருந்து அடிக்குற ஆளக் கூப்பிடுங்க, பூனை இருக்குன்னு சொல்லிட்டு என்ன மருந்து அடிக்கிறாங்கன்னு கேளுங்க. எல்லாம் செஞ்சாலும் ரெண்டு மூணு மாசம் புது தெள்ளு வந்துகிட்டேதான் இருக்கும். நடுவுல மருந்த ரெண்டு மடங்கா குடுக்காதீங்க.

தெள்ளு இருந்த பிராணிக்கு பின்னாடி அரிசி மாதிரி ஒட்டிகிட்டு இருந்தா அது நாடாப்புழு, தெள்ள நக்கி முழுங்குறதால வர்றது, அதுக்கு குடல்புழு மாத்திரை தனி.

படி 7: ஒட்டியிருக்குற உண்ணிய எடுக்குறது

கூர்மையான ட்வீசரால தோலுக்கு ரொம்பப் பக்கத்துல புடிச்சு, முறுக்காம, நேரா மேல இழுங்க. நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் வேணாம். நகத்தால நசுக்காதீங்க, சின்ன பாட்டில்ல ஸ்பிரிட் ஊத்தி அதுல போடுங்க. கடிச்ச எடத்த தொடைச்சுட்டு கைய சோப்பு போட்டுக் கழுவுங்க.

எத்தன மாசத்துக்கு மருந்து குடுக்கணும்னு கேப்பீங்க. குளிர் நாட்டுல பனிக்காலத்துல விட்டுடுறவங்க இருக்காங்க, நமக்கு வருஷம் பூரா முப்பது டிகிரியும் மழையும்தான், உண்ணிக்கும் தெள்ளுக்கும் லீவே கெடையாது, அதனால 12 மாசமும். போன்ல அலாரம் வச்சேன், அடிச்சதும் நிறுத்திட்டு மறந்துட்டேன். இப்ப அம்மா பொறுப்பு. தேதி கிழிக்கிற காலண்டர்ல கிருத்திகை, பிரதோஷத்தோட சேர்த்து "கருப்பன் மாத்திரை, தங்கம் சொட்டு"ன்னு பேனாவால எழுதி வச்சிருக்காங்க, இது வரைக்கும் ஒரு மாசம் கூட தவறல.