மழை விட்டதும் தோட்டம், கோழி: திருகோணமலை வளவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழை தையில் ஓயத் தொடங்கியதும் திருகோணமலைப் பக்கத்து வளவுகளில் வேலை சூடுபிடிக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. தையிலிருந்து பங்குனி வரை கிடைக்கும் இந்த நாட்கள்தான் நமக்கு வசந்தம். அதற்குப் பிறகு வெயில் ஏறி, கச்சான் காற்றும் வீசத் தொடங்கினால் இளங்கன்றும் குஞ்சும் தாக்குப்பிடிப்பது பெரும்பாடு. நான் காணும் தவறுகளில் முக்கால்வாசி காலம் தப்பியதால் வருபவை. முந்த வேண்டியதில் பிந்துகிறோம், பொறுக்க வேண்டியதில் அவசரப்படுகிறோம்.

கொச்சிக்காய், கத்தரி, தக்காளி மூன்றும் நாற்றுமேடையிலேயே நாலைந்து வாரம் நிற்க வேண்டியவை. பங்குனியில் விதை தேடி ஓடினால் கன்று நடும்போது சித்திரை வந்துவிடும், பூக்கும் நேரத்தில் சூடு பிடித்துப் பூவெல்லாம் கொட்டிவிடும். மழை முழுதாக விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சின்னக் கூரை ஒன்று போட்டு, தை பிறந்ததுமே மேடையில் விதையைத் தூவிவிடுங்கள். வெண்டியும் பயற்றையும் நேரே ஊன்றலாம். போன வருடம் கத்தரி வாடிச் செத்த பாத்தியில் இந்த வருடம் தக்காளியோ கொச்சிக்காயோ வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே இருக்கும். அங்கே பயற்றை போடுங்கள்.

மண்ணைக் கொத்துவதில் அவசரம் கூடாது, தம்பலகாமம் பக்கத்து வயல்மண் போன்ற களிமண்ணில் சொல்லவே வேண்டாம். ஈரத்தோடு மண்வெட்டி போட்டால் காய்ந்தபின் கல்லுப்போல் கட்டியாகிவிடும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், பிசைந்த மாவாக அப்பிக்கொண்டால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளி மணலில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே பசளையை ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகப் போட வேண்டும்.

சரி, கோழி எருவுக்கு வருவோம். கூட்டைக் கூட்டி அள்ளிய கையோடு கன்றின் அடியில் போடுகிறார்கள். பச்சைக் கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். வேரைச் சுட்டுவிடும், இலை ஓரம் கருகும். கீரைப் பாத்தியில் போட்டால் வயிற்றோட்டக் கிருமி இலையில் ஒட்டிக்கொண்டு சமையலறைக்கே வரும். உமியோ காய்ந்த சருகோ கலந்து குவித்து, லேசாக ஈரம் காட்டி, இடைக்கிடை புரட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நெடி போய், மண்வாசம் வரும். அப்போதுதான் பாத்திக்கு. தைக்கு வேண்டிய எருவை ஐப்பசியிலேயே மழை படாத இடத்தில் குவிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடை வைப்பதற்கும் காலம் உண்டு. தையில் வைத்தால் 21 நாளில் குஞ்சு இறங்கும், வெயில் ஏறுமுன் இறகு கட்டிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டைகளைச் சேர்க்காதீர்கள், பொரிக்கும் வீதம் குறையும். ஊர்க்கோழிப் பேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். கூடினால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இரவில் ரோச் லைற்றின் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக்கால்கள் மாதிரி மெல்லிய சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

தீனில் இரண்டு தவறுகள். முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடுவது ஒன்று. அதில் உள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைக் கழுவி இடித்துப் போடுவது நல்ல வழக்கம்தான், ஆனால் முட்டையிடும் பேடுகளுக்கு மட்டும், தனிச் சிரட்டையில். மற்றது நம் ஊருக்கே உரியது: கருவாட்டுக் கழிவையும் அழுகிய மீனையும் அள்ளிப் போடுவது. கருவாட்டு உப்பு குஞ்சுகளைக் கொன்றுவிடும். அழுகிய மீனைத் தின்ற கோழி கழுத்துத் துவண்டு விழும். பச்சை மீன் கழிவை அவித்து, தவிட்டோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும். கூடினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும்.

இனி ராணிக்கெட் என்னும் கோழிக் கொள்ளைநோய். பச்சையாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுகும். இவற்றைக் கண்டபின் ஊசிக்கு ஓடுவதில் பயனில்லை. தடுப்பு மருந்து நலமான கோழிக்குத்தான். எந்த வயதில் எந்தத் துளி என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு முன்கூட்டியே கொடுங்கள். மருந்தை ஐஸோடு கொண்டு வாருங்கள். குடிதண்ணீரில் கலப்பதாக இருந்தால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது, மருந்து செத்துவிடும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூட்டத்தில் விடாமல் இரண்டு வாரமாவது தனியே கட்டுங்கள். நோய் கண்ட கோழியை மலிவாக விற்காதீர்கள். அது வாங்குபவரின் வளவையும் அழிக்கும். செத்ததை ஆழமாகப் புதையுங்கள்.

கூட்டுக்குத் தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே வெந்துவிடும், மேலே கிடுகு வேயுங்கள். அகலக் கண் வலைக்குள் கீரியும் பாம்பும் தாராளமாக நுழையும், சின்னக் கண் வலையே போடுங்கள்.

அப்புறம், கோழியைப் பாத்திக்குள் விடும் நேரம். நடுவதற்கு முன் விட்டால் கிண்டிக் கிளறிப் புழுவைத் தின்னும், நட்டபின் விட்டால் ஒரு காலையில் நாற்று முழுதும் போய்விடும். கன்று வைத்த நாளிலிருந்து விளைச்சல் முடியும்வரை வேலியை அடைத்து வையுங்கள். பூச்சி மருந்து அடித்த பாத்தி என்றால், போத்தலில் போட்டிருக்கும் நாள் கணக்கு கழியும்வரை விளைச்சல் முடிந்தாலும் திறக்காதீர்கள். செத்த பூச்சியைக் கொத்தினால் கோழிக்கும் அதே கதிதான், முட்டையிலும் நஞ்சு சேரும்.