சவரக்கத்தி தீட்டும் இயற்கைக் கல்லில் எதை விடுவது: தண்ணீரா, சோப்புத் தண்ணீரா, எண்ணெயா?

1000, 4000, 8000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்) செயற்கைக் கற்களில் தீட்டி முடித்த சவரக்கத்திக்குக் கடைசி மெருகு ஏற்றத்தான் பெரும்பாலோர் இயற்கைக் கல் வாங்குகிறார்கள். கல் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, அதன்மேல் எதை விட்டுத் தீட்டுவது என்பது. இதற்கான பதில் பாதி கல்லைப் பொறுத்தது, பாதி நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எளிதில் கிடைக்கும் இரண்டு கற்களை வைத்துப் பார்ப்போம்: பெல்ஜியத்துக் கோட்டிகூல், அமெரிக்காவின் ஆர்கன்சா.

திரவம் செய்யும் வேலை

தேய்ந்து வரும் இரும்புத்தூள் கல்லின் மேற்பரப்பில் அப்பிக்கொள்ளாமல் மிதக்கவைப்பது முதல் வேலை. தூள் அப்பினால் கல் சாம்பல் நிறத்தில் பளபளக்கும், கத்தி வெறுமனே வழுக்கும், தேயாது. அலகு சீராக நகர உதவுவது இரண்டாவது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: அலகுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு தடிமனான படலம் நிற்கிறது என்பதைத் திரவமே தீர்மானிக்கிறது. மெல்லிய திரவம் என்றால் கல் நன்றாகப் பிடிக்கும், வேகமாகத் தேய்க்கும். கெட்டியான திரவம் என்றால் பிடிப்பு குறையும், வேலை மெதுவாகும், விளிம்பு மென்மையாக முடியும்.

படி 1: கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோட்டிகூல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கல். இதில் தேய்ப்பவை நுண்ணிய கார்னெட் மணிகள். தேய்த்தால் அந்த மணிகள் உதிர்ந்து தண்ணீரோடு கலந்து குழம்பாகும். ஆர்கன்சா கல் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றியுள்ள வாஷிடா மலைகளிலிருந்து வருவது. நோவாகுலைட் என்னும் பாறை, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. மணிகளை எளிதில் உதிர்க்காது. சவரக்கத்திக்கு இதில் ‘டிரான்ஸ்லூசன்ட்’ (ஒளி ஊடுருவும்) வகை அல்லது கெட்டிக் கறுப்பு வகைதான் சரி. ‘சாஃப்ட்’ வகை இந்த வேலைக்குச் சொரசொரப்பு.

வேறு கல் வைத்திருந்தால், சுத்தமாகக் காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். சொட்டு அப்படியே நின்றால் இறுக்கமான கல். உள்ளே இறங்கினால் துளையுள்ள கல். அதில் தண்ணீர் மட்டுமே விட வேண்டும். கியோட்டோ பகுதி ஜப்பானியக் கற்களுக்கும் தண்ணீர்தான், எண்ணெய் கூடவே கூடாது. அவை அடுக்கடுக்கான பாறை என்பதால் ஊறவைக்கவும் வேண்டாம், அடுக்கு பிரிந்துவிடும்.

பழைய கல்லை விலைக்கு வாங்கியிருந்தால், எண்ணெய் வாடை அடிக்கிறதா, தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் விட்டிருக்கிறார்.

படி 2: எண்ணெயில் வேண்டாம், தண்ணீரில் தொடங்குங்கள்

தண்ணீரிலிருந்து எண்ணெய்க்கு எந்த நாளும் மாறலாம். எண்ணெயிலிருந்து தண்ணீருக்குத் திரும்புவது இறுக்கமான கல்லிலேயே சற்றுப் பாடு, துளையுள்ள கல்லில் பெரும்பாடு. அதனால் புதியவர்கள் இரண்டு கல்லிலும் தண்ணீரில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சோப்புத் தண்ணீர் கலக்க, அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 அல்லது 3 சொட்டு போதும். கூடினால் நுரை வந்து கல்லை மறைத்துவிடும். அலகின் முன்னால் நடப்பது தெரியாது. பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பும் பவுடரும் ஆகவே ஆகாது. அழுக்கைத் தேய்த்தெடுக்கவென்று அவற்றில் கனிமத்தூள் சேர்ப்பார்கள். அந்தத் துகள் 8000 கிரிட்டில் உருவான விளிம்பை நொடியில் கெடுக்கும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் காய்ந்ததும் கல்லில் வெள்ளை படியும், எஃகும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வெயில் காலத்தில் மின்விசிறிக்கடியில் தண்ணீர் சட்டென்று காய்கிறதா? மருந்துக்கடைக் கிளிசரினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து விடுங்கள்.

படி 3: கோட்டிகூலில் குழம்பும் தண்ணீரும்

கல்லில் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு, கூடவே வரும் சிறு தேய்கல்லால் அரை நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். பால் பதத்தில் வெண்குழம்பு வரும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய, விளிம்பு முன்னே செல்லும்படி தள்ளி, முதுகின்மேல் புரட்டி, திரும்ப இழுங்கள். போய்வந்தால் ஒரு நடை. கத்தியின் எடையே போதும், கையால் அழுத்தாதீர்கள்.

25 நடைக்கு ஒருமுறை, விரலைத் தண்ணீரில் நனைத்து 2 சொட்டு சேருங்கள். ஐந்தாறு முறை இப்படி நீர்த்ததும் குழம்பு ஏறத்தாழ தெளிந்திருக்கும். அப்போது கல்லையும் கத்தியையும் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் 50 நடை, கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் 20 நடை.

இவ்வளவு மெதுவாக நீர்க்கக் காரணம் உண்டு. குழம்பில் மிதக்கும் மணிகள் முன்னே வரும் விளிம்பில் நேராக மோதி அதைச் சற்று மழுக்கும். குழம்பு கெட்டியாக இருக்கும்வரை கூர் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவசரப்பட்டு உடனே தெளிந்த தண்ணீருக்குத் தாவினாலோ கல்லின் வேகம் சட்டென்று விழுந்துவிடும், மழுங்கியது மழுங்கியபடியே நின்றுவிடும். 100 நடைக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் தண்ணீரிலேயே போராடாமல், லேசான குழம்பு எழுப்பி மறுபடி நீர்த்துக்கொண்டு வாருங்கள்.

கோட்டிகூலிலும் கடைசிச் சில நடைக்கு எண்ணெய் விடுபவர்கள் உண்டு. அதைக் கழுவி எடுக்கும்வரை குழம்பு சரியாக எழும்பாது, ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள்.

படி 4: ஆர்கன்சாவுக்கு எண்ணெய்

சோப்புத் தண்ணீரில் இந்தக் கல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வெறும் தண்ணீர் விட்டால், கல் கண்ணாடிபோல் வழவழப்பு என்பதால், நீர்ப்படலம் மெலிந்ததும் அலகு கல்லோடு கவ்விக்கொள்ளும். அந்த நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால் கை தடுமாறி விளிம்பு கல்லில் இடிக்கும். சோப்புச் சொட்டு அதைத் தடுக்கிறது. எண்ணெய் இன்னும் நன்றாகத் தடுக்கிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் லைட் லிக்விட் பாரஃபின் அல்லது தையல் மெஷின் எண்ணெய் போதும். 6 அங்குலத்துக்கு 2 அங்குலக் கல் என்றால் 5 சொட்டு, விரலால் கல் முழுக்கப் பரப்புங்கள். எண்ணெய் மெல்லக் கறுத்தால் எஃகு தேய்கிறது என்று பொருள். 40 நடைக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாக விடுங்கள். இது மெதுவான கல். நூற்றுக்கு மேற்பட்ட நடை சாதாரணம். எவ்வளவு நேரமானாலும் எண்ணெய் கறுக்கவே இல்லையென்றால் கத்தி எண்ணெயின்மேல் மிதக்கிறது. டிஷ்யூவால் ஒத்தியெடுத்து மெல்லிய பூச்சு மட்டும் விட்டுப் பாருங்கள்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய் எதுவும் வேண்டாம். தாவர எண்ணெய் நாளாக நாளாகக் காற்றுபட்டுப் பிசுபிசுத்து, இரும்புத்தூளோடு சேர்ந்து கல்லை அடைத்துவிடும். தேங்காயெண்ணெய் குளிரில் உறையவும் செய்யும். ஏற்கெனவே அடைத்திருந்தால் வெந்நீர், திரவ சோப்பு, பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்தெடுக்கலாம்.

திரவத்தைப் பார்த்துத் தீட்டுங்கள்

எந்தத் திரவமானாலும் விளிம்புக்கு முன்னால் அது மெல்லிய அலையாக ஓடுவதைப் பாருங்கள். விளிம்பு கல்லில் முழுக்கப் பட்டால் அலை வழித்தெடுக்கப்பட்டு அலகின் மேல்முகத்தில் ஏறும், குதியிலிருந்து (கைப்பிடிப் பக்க முனை) நுனிவரை ஒரே கோடாக. ஏதாவது ஓரிடத்தில் ஏறாமல் அடியில் நழுவினால், அங்கே விளிம்பு கல்லைத் தொடவில்லை. பெரும்பாலும் அலகின் லேசான வளைவுதான் காரணம். அழுத்தாமல், தள்ளும்போதே எடையைக் குதியிலிருந்து நுனிக்கு மெதுவாக மாற்றுங்கள். நாலா பக்கமும் திரவம் வழிந்தோட விட்டால் இந்த அடையாளம் தெரியாது. ஆகவே எப்போதும் குறைவாக விட்டுத் தேவைக்குச் சேருங்கள்.

படி 5: தோல்வாருக்குப் போகும் முன்

எண்ணெய் ஒட்டிய கத்தியைத் தோல்வாரில் (தீட்டிய விளிம்பைக் கடைசியாகத் தேய்த்து நயமாக்கும் தோல் பட்டை) தேய்த்தால் தோல் எண்ணெய் குடிக்கும், இரும்புத்தூளும் அதிலேயே தங்கி அடுத்தடுத்த கத்திகளைக் கீறும். திரவ சோப்பால் கத்தியைக் கழுவி, முதுகிலிருந்து விளிம்பு நோக்கி டிஷ்யூவால் துடையுங்கள். பிறகே துணிவாரில் 20 நடை, தோல்வாரில் 50.

கோட்டிகூலைக் கழுவி நிழலில் காயவையுங்கள். ஆர்கன்சாவைத் துடைத்து வைத்தால் போதும். கத்தியை அடுத்த நாளே எடுக்கப் போவதில்லையென்றால் அலகில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் தடவி வையுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கார்பன் எஃகு முதலில் துருப்பிடிப்பது விளிம்பில்தான்.