முதலில் நீர், பிறகு இலை: பிலுவோசுன் தேயிலையைத் தயாரித்துச் சுவைக்கும் முறை

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், சூசோ நகரை அடுத்த டாய் ஏரிப் பகுதியிலுள்ள டோங்டிங் மலைகளில் விளையும் பிலுவோசுன், பச்சைத் தேயிலைகளுள் மிக மென்மையானவற்றில் ஒன்று. பெரும்பாலான தேயிலைகளைப் பாத்திரத்தில் இட்டு அவற்றின் மேல் வெந்நீரை ஊற்றுவோம். இதற்கோ முதலில் நீரை ஊற்றிவிட்டு, அதன் மேல் இலையைத் தூவ வேண்டும். நல்ல விலை கொடுத்து வாங்கிய இலை கசக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றியிருப்பார்கள், அல்லது நீரைப் போதிய அளவு ஆறவிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே முறைக்கு முன் அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதப் பிற்பகுதியிலிருந்து, ஏப்ரல் 5ஆம் தேதியை ஒட்டி வரும் சிங்மிங் நாள் வரை பறிக்கப்படும் கொழுந்துதான் முதல் தரமாக மதிக்கப்படுகிறது. ஒரு மொட்டும் அதை ஒட்டி இப்போதுதான் விரியத் தொடங்கிய ஓர் இலையும் மட்டுமே கிள்ளப்படுகின்றன. உயர்தரத் தேயிலை 500 கிராம் கிடைக்க 60,000க்கும் மேற்பட்ட கொழுந்துகள் வேண்டும். பறித்த அன்றே அவற்றைப் பொறுக்கித் தரம் பிரித்து, சூடான வாணலியில் கையால் புரட்டுகிறார்கள். இலையைப் பழுப்பாக்கும் நொதிகளை அந்தச் சூடு செயலிழக்கச் செய்வதால் பச்சை நிறம் நிலைக்கிறது. பிறகு அதே வாணலியில் உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டும்போது, இலை நத்தை ஓடு போலச் சுருண்டு, மொட்டின் மேலுள்ள வெண்ணிறச் சுணை வெளியே எழும்புகிறது. இவ்வளவு இளசான கொழுந்து, முதிர்ந்த இலை தாங்கும் சூட்டைத் தாங்காது; அதனால்தான் வெந்நீரை அதன் மேல் நேரே ஊற்றுவதில்லை.

தேயிலையில் கசப்பையும் துவர்ப்பையும் தருகின்ற கேட்டச்சின்களும் காஃபீனும் நீரின் சூடு ஏற ஏற விரைவாகக் கரைகின்றன. இனிமையையும் நாவில் நிறையும் சாரத்தையும் தருகின்ற தியானின் போன்ற அமினோ அமிலங்களோ, குறைந்த சூட்டிலும் எளிதாக இறங்கிவிடுகின்றன. ஆகவே நீரை ஆறவிடும்போது நாம் இழப்பது பெரும்பாலும் கசப்பைத்தான். இனிமை அநேகமாக அப்படியே கிடைத்துவிடுகிறது.

தயாரிப்பதற்கு மெல்லிய கண்ணாடி டம்ளரே எனக்கு உகந்ததாகப் படுகிறது. 200 மில்லி நீருக்கு 3 கிராம் இலை சரியான தொடக்கம். சுருண்ட இலை இடத்தை மிகக் குறைவாகவே அடைப்பதால், கரண்டி அளவை நம்பாமல் சிறிய எடைக்கருவியில் நிறுத்துக்கொள்வது நல்லது. கால்சியம் மிகுந்த கடினநீர் இந்தத் தேநீரின் மணத்தை மழுங்கடித்துவிடும் என்பதால், உப்புத்தன்மை குறைந்த மென்நீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீரை ஒருமுறை கொதிக்கவைத்து, 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால், கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கள். பாத்திரத்தின் தடிமனைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும்.

டம்ளரில் முக்கால் பங்கு வரை நீரை ஊற்றியபின், இலையை மெல்லத் தூவுங்கள். சில நொடிகள் மேலே தங்கும் சுருள்கள், நீரை உறிஞ்சியதும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. இறங்கும்போதே அவற்றைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் எழ, சுணை பிரிந்து நீரில் மிதந்து, வெளிச்சத்தில் தூசி பறப்பது போலத் தெரியும். அடியில் சேர்ந்த சுருள்கள் இரண்டு நிமிடங்களுக்குள் அவிழத் தொடங்கும். கலக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்; மூடினால் உள்ளே தேங்கும் ஆவியில் இலை வெந்து, பச்சை நிறமும் மணமும் கெட்டுவிடும். தேநீர் சற்றே கலங்கலாக இருப்பதைக் குறை என்று எண்ணி வடிகட்டுபவர்கள் உண்டு. அது சுணையால் வரும் கலங்கல்தான். இளங்கொழுந்தின் அடையாளமான அதை வடித்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

எல்லாப் பச்சைத் தேயிலைக்கும் இதே வரிசை பொருந்தாது. ஹாங்சோவின் லோங்ஜிங் போன்ற தட்டையான இலை அவ்வளவு எளிதில் மூழ்குவதில்லை. அதனால் மூன்றில் ஒரு பங்கு நீரை ஊற்றி, இலையை இட்டு நனைத்து, பிறகு மீதி நீரை ஊற்றுவது வழக்கம்.

இனிச் சுவைத்தல். முதலில் மணத்தைக் கவனியுங்கள்: உலர்ந்த இலையை முகர்ந்து, பிறகு டம்ளரின் வாயருகே மீண்டும் முகர்ந்தால், சூடு எதை வெளியே கொண்டுவந்தது என்பது விளங்கும். டோங்டிங்கில் தேயிலைச் செடிகள் பீச், பிளம், லொக்காட் முதலிய பழமரங்களுக்கு இடையே வளர்க்கப்படுகின்றன. பிலுவோசுன்னின் மலர்மணத்தையும் பழமணத்தையும் அந்தச் சூழலோடு சேர்த்தே பேசுவார்கள். தேநீர் வாய்க்கு இதமான சூட்டுக்கு வந்தபின் சிறிதளவு எடுத்து, அதனுடன் காற்றையும் உள்ளே இழுத்து, நாக்கு முழுவதும் பரவவிடுங்கள். இங்கே கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறியப் பழக வேண்டும். கசப்பு நாக்கு உணரும் சுவை. துவர்ப்போ, தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு இணைவதால் கன்னத்தின் உட்புறம் வறண்டு இழுப்பது போல் தோன்றும் உணர்வு. விழுங்கியபின் உடனே அடுத்த வாய் பருகாமல் சற்றுப் பொறுத்தால், தொண்டையிலிருந்து மெல்லிய இனிமை எழுந்து வரும். நல்ல இலையையும் சாதாரண இலையையும் வேறுபடுத்திக் காட்ட அந்தப் பின்னினிமையைவிட நம்பகமான சான்று வேறில்லை என்பது என் கருத்து.

டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போதே மீண்டும் நீரை ஊற்றிவிடுங்கள். முழுவதும் குடித்துவிட்டு ஊற்றினால் அடுத்த சுற்று வெளுத்துப்போகும். பல சமயங்களில் இரண்டாம் சுற்றில்தான் சுவை முழுமை பெறுகிறது. மூன்றாம் சுற்றுக்குச் சூட்டை 5 டிகிரி கூட்டலாம். அதற்குமேல் இலையிடம் எதிர்பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

கசந்தால் இலையைக் குறைக்காமல் நீரின் சூட்டை முதலில் குறைத்துப் பாருங்கள். சப்பென்று இருந்தால் நேரத்தை நீட்டிக்காமல் இலையைச் சற்றே கூட்டுங்கள். ஒரு சுற்றில் ஒன்றை மட்டுமே மாற்றினால்தான் காரணம் பிடிபடும்.

இரண்டு தேயிலைகளை ஒப்பிட விரும்பினால், மேற்சொன்ன மென்மையான முறை உதவாது; அது குறைகளையும் மறைத்துவிடும். தொழில்முறைச் சுவைஞர்கள் கொதிநீரையே பயன்படுத்துகிறார்கள். சுவைத்து ஒப்பிடுவதற்காகத் தேநீர் தயாரிக்கும் முறையை வகுக்கும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 3103-உம் 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்றே வகுத்துள்ளது. அப்படித் தயாரித்தால் எந்த இலையும் கசக்கத்தான் செய்யும்; ஆனால் கசப்புக்கு அடியிலும் மணமும் இனிமையும் தாக்குப்பிடிக்கும் இலை எது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பருகி மகிழ அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய இலையைக் காற்று, ஒளி, ஈரம், சமையலறை வாசனை ஆகிய நான்கிலிருந்தும் காக்க வேண்டும். இறுக மூடிய சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். எடுத்த பொட்டலம் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இலையின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்தால் மணம் விரைவில் போய்விடும். பிரித்ததைச் சில வாரங்களுக்குள் குடித்து முடித்துவிடுங்கள். பிரிக்காதவையும் அடுத்த வசந்தகாலப் பறிப்பு வருவதற்குள் தீர்ந்துவிட வேண்டும்.