நோடுகளைக் குரூப்பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டில் இருந்தபடியே பெங்களூரு ஸ்டுடியோக்களுக்குக் காம்போசிட்டிங் (பல படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கும் வேலை) செய்து அனுப்புகிறவர்களின் ஸ்கிரிப்ட், அதாவது அந்த வேலையைச் சேமித்த கோப்பு, என்றாவது ஒருநாள் வேறொருவர் கணினியில் திறக்கப்பட்டே தீரும். செய்தவர் கணினியில் ஒழுங்காக ஓடிய குரூப், அதாவது பல நோடுகளை (படத்தின் மீது ஆளுக்கொரு வேலை செய்யும் கட்டங்களை) ஒன்றாகக் கட்டிய தொகுப்பு, அங்கே பிழை காட்டினால், பெரும்பாலும் அதைக் கட்டிய விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஒகேனக்கல் அருவி ஷாட் ஒன்றுக்கு நூக் என்ற காம்போசிட்டிங் மென்பொருளில் சாரல் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாய்ஸ், கிரேடு, பிளர் (படத்தை மங்கலாக்குவது), மெர்ஜ் ஆகிய நோடுகளைத் தேர்ந்தெடுத்துக் குரூப்பாக்கிய பிறகும், பிளரின் அளவு குரூப்புக்கு வெளியே உள்ள ஒரு நோடின் மதிப்பை எக்ஸ்பிரஷன் (மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சூத்திரம்) வழியாக வாங்கிக்கொண்டிருந்தால், அந்தக் குரூப்பை அடுத்த ஷாட்டில் ஒட்டும்போது அந்த நோடு அங்கே இருக்காது. அதே பெயரில் வேறொரு நோடு இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பிழை எதுவும் காட்டாமல் தவறான மதிப்பில் ரெண்டர் ஆகிவிடும், அதாவது இறுதிப் படம் உருவாகிவிடும். குரூப்பின் மேலேயே ஒரு நாப் (மதிப்பை மாற்றும் கட்டுப்பாடு) சேர்த்து, உள்ளே இருக்கும் நோடு அதை மட்டுமே பார்க்கும்படி அமைப்பதே முறை.

நூக்கில் பிளரின் அளவு பிக்சல் கணக்கில் இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1920 பிக்சல் அகலப் படத்தில் 40 என்று வைத்த மென்மை, 3840 பிக்சல் அகலப் படத்தில் பாதியாகத்தான் தெரியும். ஆகவே உள்ளே வரும் படத்தின் அகலத்தை 1920ஆல் வகுத்து, அந்த விகிதத்தால் அளவைப் பெருக்க வேண்டும். 1920×1080 படத்தின் நடுப்புள்ளியான 960, 540 என்ற எண்களை அப்படியே எழுதி வைப்பதும் இதே வகைத் தவறுதான்.

குரூப்பைக் கிஸ்மோவாக (பல ஸ்கிரிப்ட்களிலும் பயன்படுத்தத் தனியே சேமிக்கும் நோடாக) மாற்றுவதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். குரூப்பின் உட்பகுதி முழுவதும் ஸ்கிரிப்டிலேயே சேமிக்கப்படும். கிஸ்மோவோ தனிக் கோப்பு. ஸ்கிரிப்டில் அதன் பெயரும் நாம் மாற்றிய நாப் மதிப்புகளும் மட்டுமே இருக்கும். கோப்பை அனுப்பாமல் ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பினால், அப்படியொரு நோடே தெரியாது என்று நூக் சொல்லிவிடும். வெளியே அனுப்பும் முன் கிஸ்மோவை மறுபடியும் குரூப்பாக்கிவிடுவது நல்லது. அதற்கான பொத்தான் அதன் பண்புப் பலகையிலேயே இருக்கிறது. இதைவிட ஆபத்தானது, பழைய கிஸ்மோ கோப்பின் மேலேயே திருத்திச் சேமிப்பது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஷாட்டை மீண்டும் ரெண்டர் செய்தால் புதிய தோற்றம் வந்து நிற்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. திருத்தம் எவ்வளவு சிறியதானாலும் கோப்புப் பெயரில் புதிய எண் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

பிளெண்டர் என்ற மற்றொரு மென்பொருளில் பழகுகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். நோடு குரூப்பை நகலெடுத்தாலும் இரண்டுக்கும் உள்ளடக்கம் ஒன்றேதான். ஒன்றின் உள்ளே செய்த மாற்றம் மற்றதிலும் விழும். குரூப்பின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் எண், அதை எத்தனை இடங்கள் பகிர்கின்றன என்பதைக் காட்டுகிறது. தனி நகல் வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சொடுக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

உள்ளே உள்ள எல்லா நாப்களையும் வெளியே எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். சாரலுக்கு அடர்த்தி, மென்மை, நிறம் ஆகிய மூன்று போதும். நான்காவது ஒன்று தேவைப்படுகிறவர் குரூப்பைத் திறந்து பார்த்துக்கொள்வார்.