பக்கத்து ஓடுதளத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: பேளகொண்டப்பள்ளியை முன்வைத்து

சிறு விமான ஓடுதளத்தின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் அங்கே இறங்கிய முதல் விமானத்திலிருந்து தொடங்குகிறார்கள். நிலத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்–தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் உள்ள, தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் விமானத் தொழில் நிறுவனத்தின் ஓடுதளத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் (புல வாரியான நில விவரப் பதிவேடு) வரைபடத்தையும் பார்த்துப் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவற்றுக்கு வில்லங்கச் சான்று கேட்டால் நிலம் கைமாறிய வரிசை தெரியவரும். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தனி மாவட்டமானது. அதற்கு முன் தருமபுரி, 1965 அக்டோபர் 2-க்கு முன் சேலம். ஆகவே மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் பழைய கோப்புகளில் பாதி கண்ணில் படாது. வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொண்டே தேட வேண்டும். முதியவர்களிடம் பேசும்போது, விமானம் எப்போது வந்தது என்பதைவிட, மாட்டுவண்டித் தடம் எந்தப் பக்கம் திரும்பிற்று, ஏரிக்கு நீர் வந்த ஓடை என்னாயிற்று என்று கேளுங்கள். அப்பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி என்பதால், அம்மொழி அறிந்த ஒருவர் உடனிருப்பது நல்லது.

அடுத்து ஓடுதளம். செயற்கைக்கோள் படத்தில் அதன் முனைகளில் வெள்ளை எழுத்தில் எண்கள் தெரியும். காந்தத் திசைப் பாகையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண் அது. ஒரு முனையில் 09 இருந்தால் மறுமுனையில் 27 இருக்கும், ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது என்று பொருள். காந்த வடக்கு மெல்ல நகர்வதால், ஓர் ஓடுதளத்தின் பழைய படத்தில் வேறு எண் காணப்பட்டால் வியப்படைய வேண்டாம்.

நிறுவனத்தின் கதையை ஆண்டறிக்கைகளிலிருந்து எடுக்கலாம். 1990-களில் இத்தாலியின் பார்ட்டனேவியா நிறுவனத்தோடு இணைந்து, ஆறு இருக்கைகளும் இரட்டை எஞ்சினும் கொண்ட பி-68 விமானங்களை இங்கே உருவாக்கினர். தனியார் நிறுவனம் சிறு விமானம் கட்டிய ஊர் என்ற பெருமையை நம் மாவட்டத்தார் போதிய அளவு பேசுவதில்லை.

விமானத் தளத்துக்கான உரிமத்தின் வகையையும் தவறாமல் எழுதுங்கள். பொதுப் பயன்பாட்டு உரிமம் வேறு, தனிப் பயன்பாட்டு உரிமம் வேறு. முன்னது எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் திறந்திருப்பது. பொது விமான நிலையம் இங்கே வராததற்கான முக்கியக் காரணம் பெங்களூரு விமான நிலையத்துக்காக மத்திய அரசு செய்துகொண்ட உடன்படிக்கையில் உள்ளது: 2008 மே மாதம் திறக்கப்பட்ட அந்நகர விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 25 ஆண்டுகளுக்குப் புதிய நிலையத்தை அனுமதிப்பதில்லை என்பது அதன் விதி. 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்த ஓசூர் விமான நிலையம், 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் திட்டம், தனி அத்தியாயம். அதைத் தனேஜா ஓடுதளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலிக்குள் படமெடுக்க விரும்பினால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.